குஜிலியம்பாறையில் சூனியக்காரியைத் தேடி

அரூப ஓவியத்தைத் தலைகீழாக மாட்டினாலும் எனக்குத் தெரியாது. இருந்தும் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கவே கிளம்பினேன். திண்டுக்கல்லில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் என் தோழி ஜெயராணி, சூனியக்காரிகளைப் பற்றி வரைந்த படங்களை குஜிலியம்பாறைப் பக்கம் உள்ள தன் அம்மா வீட்டில் பார்வைக்கு வைத்திருந்தாள்.

காலை எட்டரைக்குத் திண்டுக்கல்லில் கரூர் பேருந்து. எரியோடு வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். எரியோடு தாண்டியதும் பச்சை குறைந்து சோளத்தட்டையும் வெள்ளாடுகளும்தான். இறங்கி, ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன். ஓட்டுநர் தெருமுனையிலேயே நிறுத்தி, "செத்த தூரந்தான், நடந்துக்கங்க" என்றார்.

ஏன் என்பதை ஜெயராணி சொன்னாள். எதிர்வீட்டு முத்துலட்சுமியின் ஆடுகள் வரிசையாகச் செத்த வருடம், சூனியம் வைத்ததாகப் பழி இவள் அம்மா பாக்கியத்தின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து தெருவில் யாரும் இந்த வீட்டில் கை நனைப்பதில்லை. வெளிநாடுகளில் சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட பெண்களைப் பற்றிப் படித்தபோது, அவளுக்கு அம்மா ஞாபகம்தான் வந்ததாம்.

"படத்த யாரும் பாராட்ட வேணாம். அம்மா கையால ஒரு வாய் டீ குடிச்சாப் போதும்" என்றாள்.

அடுப்புக்கரியும் மஞ்சளும் குழைத்த பெரிய பெரிய திட்டுகள். எனக்குப் பிடித்திருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள். தெருக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், டம்ளரைத் தொடாமல் போனார்கள். பாக்கியம் அம்மா டீயை இரண்டு முறை சுடவைத்துவிட்டார்.

மதியத்துக்கு முன் முத்துலட்சுமியே வந்தார். ஒவ்வொரு படத்தையும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏத்தா, அம்புட்டுப் படத்துலயும் தேடிட்டேன். சூனியக்காரி ஒருத்தியையும் காணோமே."

"இல்லத்தே. இந்த வீட்டுல எப்பவுமே இருந்ததில்ல" என்றாள் ஜெயராணி.

முத்துலட்சுமி கிளம்பினார். வாசல்வரை போய்ச் செருப்பில் கால் நுழைத்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். பாக்கியம் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே, "எனக்குச் சர்க்கரை இருக்கு. சீனி போடாமக் குடு" என்றார்.

பாக்கியம் அம்மா புதிதாகப் பால் காய்ச்சினார்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஞாயிறு மட்டும்தான் பார்க்கலாம். வெயிலுக்கு முன் போய்விடுங்கள். படம் புரியாவிட்டால் பரவாயில்லை. பேருந்து நிலையத்தில் டீ குடித்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.