பெருங்காயம் சேர்க்காத எட்டு நாட்கள்

இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கு எங்கள் அம்மா லேக் மார்க்கெட் மாமி. பாலிகஞ்சில் அவர் வேலை பார்த்த சர்வதேசப் பள்ளியினருக்கு உணவுக்கூடத்து ஆன்ட்டி. அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் இரு தரப்பினரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் பேசிக்கொள்வது ஒரே ஆளைப் பற்றித்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது மத்திய கொல்கத்தாவில், பல தலைமுறைகளுக்கு முன் பாக்தாதிலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட யூதக் குடும்பம் ஒன்றில். அவர் வளரும்போதே உறவினர்கள் ஒவ்வொருவராக இஸ்ரேலுக்கும் லண்டனுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். விமான நிலையத்துக்குப் போய்க் கையசைத்துவிட்டு வருவதுதான் தங்கள் வீட்டுச் சுற்றுலா என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். பெற்றோர் காலமான பிறகு ஒரே தம்பியும் போய்விட்டார். அம்மா மட்டும் போகவில்லை. இந்த ஊரை விட்டு இருக்க முடியாது என்று எல்லாரிடமும் காரணம் சொன்னார். உண்மையான காரணம், வங்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள் அப்பா.

அப்பாவின் குடும்பம் கும்பகோணத்திலிருந்து வந்து, கொல்கத்தாவில் தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டில் குடியேறியது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கல்யாணம் செய்துகொள்ளாமல் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவர். வீடு அவருடைய ஆட்சியில் இருந்தது. தம்பி கூட்டிவந்த பெண்ணிடம் சில மாதங்கள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச வைத்தது சமையலறைதான். பால் பாத்திரம் வேறு, மாமிசப் பாத்திரம் வேறு என்று தங்கள் வீட்டில் பிரித்து வைத்திருந்ததை அம்மா ஒருநாள் சொல்லப்போக, பத்து என்று சொல்லி, சாதம் தொட்ட கையால் தயிர்ப் பானையைத் தொடவிடாத எங்கள் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, உங்காத்துலயும் பத்து பார்ப்பாளா?" என்றாராம். சைவ வீட்டுக்கு வந்ததால் அம்மாவுக்கும் பாதிக் கவலை விட்டது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரு கட்சி, அப்பாவும் நானும் எதிர்க்கட்சி.

பள்ளியில் அம்மா உணவுக்கூடப் பொறுப்பாளர். வெங்காயம் சாப்பிடாத ஜைனக் குழந்தை, ஹலால் மட்டும் சாப்பிடும் குழந்தை, வேர்க்கடலை பட்டாலே உடம்பு வீங்கும் குழந்தை என்று யாருக்கு எது ஆகாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. பள்ளியில் யூதர் என்று அவர் ஒருவர்தான். அதனால் உலகத்தில் யூதர்களைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் ஆசிரியர்கள் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். டிசம்பரில் ஹனுக்கா வந்தால் மேடையேறித் தீபம் ஏற்றிப் பேச வேண்டும். அந்தப் பண்டிகைக்கு எண்ணெயில் பொரித்தது சாப்பிட வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அத்தை ஒரு பெரிய டப்பா நிறைய வடை சுட்டுக் கொடுத்தனுப்புவார். அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் வடையை யூதப் பலகாரம் என்றே இன்றும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒருமுறை உலக நாடுகள் தினத்தில் ஊழியர்கள் தத்தம் நாட்டு உடையில் வர வேண்டும் என்றார்கள். அம்மா எந்த நாட்டு உடையில் வருவார் என்று ஊழியர்கள் அறையில் விவாதமே நடந்ததாம். அம்மா அத்தையின் அரக்குப் பட்டுப் புடவையில் போய் நின்றார். "தீதி, எ கோன் தேஷ்?" என்று, இது எந்த நாடு என்று வங்காளி டீச்சர் ஒருவர் கேட்க, "லேக் மார்க்கெட்" என்றாராம்.

வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டில் இரண்டு விளக்கு வரிசை உண்டு. அத்தை பூஜை அறையில் ஏற்றுவார், அம்மா யூதர்களின் ஓய்வுநாளை வரவேற்கச் சாப்பாட்டு மேஜையில் மெழுகுவத்தி ஏற்றிக் கண்களைப் பொத்திக்கொள்வார். அப்பா காலமான பிறகும் இது ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பண்டிகை, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுபட்டதைக் கொண்டாடும் பெசாக். அந்த எட்டு நாட்கள் புளித்த ரொட்டியும், கோதுமை சேர்ந்த எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. புளித்தது கூடாது என்றால் இட்லி மாவும் கூடாது என்று அத்தை தாமாகவே சட்டம் போட்டார். அரிசிக்குத் தடையில்லை என்று அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அரிசியில் தப்பித் தவறி ஒரு கோதுமை மணி கிடந்துவிடப் போகிறதே என்று இருவரும் முறத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பொறுக்குவார்கள். பண்டிகையின் முதல் இரவுச் சாப்பாட்டில் அத்தையின் சாம்பாருக்குத் தனி இடம் உண்டு.

நான் கல்லூரியில் படித்த காலத்தில், பெசாக்குக்கு முந்தின வாரம், பள்ளியில் கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு சிறுமிக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் வயிற்றுவலி வந்தது. அன்று சாம்பார் சாதம். அம்மா பதறிப்போய்ச் சமையலறையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்த்தார். கடைசியில் பெருங்காயத்தில் பிடிபட்டது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அத்தை போடுவதும் அதே பெருங்காயம்தான். சிறுமியின் வீட்டுக்கு அம்மாவே போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அவள் குதித்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டாள். ஆனால் அம்மா அன்று வீட்டுக்கு வந்தவர் தோள் பையைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னா அக்கா தாங்க மாட்டா. சொல்லாம அந்தச் சாம்பாரை நான் எப்படிடி சாப்பிடறது?"

வயிறு சரியில்லை என்று சொல்லி எட்டு நாளையும் ஓட்டிவிடலாமே என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்துப்போனது. இருந்தும் அத்தையிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது. பண்டிகையன்று சாம்பார் கொதிக்கும் வாசனை வந்த பிறகுதான் எழுந்து போனார்.

"அக்கா, இன்னிக்குப் பெருங்காயம் வேண்டாமே."

"பெருங்காயம் இல்லாம சாம்பாரா? போட்டாச்சே! ஏன், உனக்கு உடம்பு சரியில்லையா?"

"அதுல கோதுமை மாவு கலக்கறா அக்கா. ஸ்கூல்லதான் எனக்கே தெரிஞ்சுது."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை வருஷமா?"

அம்மா அடுப்பை அணைத்தார்.

"என் கையாலன்னா போட்டேன்! உன் விரதத்தை நானேன்னா கெடுத்திருக்கேன்!"

"தெரியாம நடந்ததுக்குப் பகவான் கோச்சுப்பாரா? உங்க பகவான் கோச்சுப்பாரா, சொல்லுங்கோ."

"என் பகவானை எனக்குத் தெரியும். உன்னோடவர் எப்படியோ, யார் கண்டா?"

சொல்லிவிட்டு அத்தை அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொதித்த சாம்பாரை அப்படியே எடுத்து மாடி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மறுபடி குளித்துவிட்டு வந்து, வேறு பாத்திரத்தில் புதிதாகப் பருப்பு வேகவைத்தார். அன்று நாங்கள் சாப்பிட உட்காரும்போது வெகு நேரம் ஆகிவிட்டது. அம்மா முதல் வாய் சாப்பிடும்வரை அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"வாசனையே இல்லை அக்கா."

"எட்டு நாள் பொறுத்துக்கோ."

அந்த எட்டு நாளும் அத்தையும் அதையேதான் சாப்பிட்டார். உங்களுக்கு எதற்கு இந்தத் தண்டனை என்று கேட்டேன். "ஒரு ஆத்துல ரெண்டு சாம்பாரா வைப்பா?" என்று என் மேல் பாய்ந்தார். அதற்குப் பின் ஒவ்வொரு ஆண்டும் அப்படித்தான்.

அம்மா ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் நோய் தெரிந்தது. வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை, ஆஸ்பத்திரி டீயைப் பற்றித்தான் நிறையப் புகார் செய்தார். அவரை நன்றாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தின்போது ஓதும் பிரார்த்தனைக்கு யூத முறைப்படி பத்து யூத ஆண்கள் வேண்டும். இந்த ஊரில் அத்தனை பேர் தேறவில்லை. தம் ஊரில் பத்துப் பேரைக் கூட்டி அதை ஓதிய மாமாவுக்கும், மற்ற எல்லாவற்றையும் முன்னின்று செய்த யூத ஜெப ஆலயத்து இஸ்லாமியக் காவலர் பெரியவருக்கும், மழையில் நனைந்துகொண்டே கல்லறைக்கு வந்த பள்ளித் தோழியருக்கும், எங்கள் வீட்டில் ஒரு வாரம் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த லேக் மார்க்கெட் மாமிகளுக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அத்தைக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அம்மாவின் கடைசி நாட்கள் பெசாக்கில்தான் கழிந்தன. ஒரு காலை ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த செவிலியர் தட்டில் ரொட்டி கொண்டுவந்தார். அம்மாவுக்குப் பேசவே தெம்பில்லை. கோலை ஊன்றிக்கொண்டு அத்தை எழுந்து தட்டைத் தடுத்தார். எங்கள் வீட்டில் இந்த எட்டு நாள் யாரும் ரொட்டி சாப்பிடுவதில்லை என்று வங்க மொழியில் சொன்னார். செவிலியர் அத்தை நெற்றியின் விபூதியைப் பார்த்தார். அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் இருந்த யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரத்தையும் பார்த்தார். குழம்பிப்போய், "கார் பூஜோ, மாஷிமா?" என்று, இது யாருடைய பண்டிகை என்று கேட்டார்.

"ஆமாதேர்" என்றார் அத்தை. எங்களுடையது.

முந்தின நாளிலிருந்து கண் திறக்காமல் கிடந்த அம்மா அப்போது சிரித்தார்.