நல்ல நித்திரைக்காரி

எங்கள் தொழிலில் வேலை தொடங்க வேண்டுமென்றால், வந்தவர் முதலில் நித்திரை கொள்ள வேண்டும். திருகோணமலையில் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பவள் நான். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, காதுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் அனுப்புவேன். கேட்டால் திரையில் அலை எழும். பிள்ளை அசைந்தால் எல்லாம் குழம்பிவிடும். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு மூச்சைப் பிடித்தபடி அறையைவிட்டு நழுவியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கப்பல் ஊதிய மத்தியானம்

கிண்ணியாவிலிருந்து ரிஸ்வானும் ஸமீனாவும் கைக்குழந்தை ஹனாவோடு வந்தார்கள். விளக்கை அணைத்தேன். ஸமீனா பிள்ளையை நெஞ்சில் சாய்த்து மெல்லப் பாடினாள். பிள்ளை தூங்கியது. கதிரையில் ரிஸ்வானும் தூங்கினான். பாடியவளின் தலையும் சாய்ந்தது. ஏசியின் முனகலில் எனக்கும் கண் சொருகி, அறையே ஒரு தோணியாகிக் குடாவில் மிதப்பதுபோல் இருந்தது.

வயர் ஒட்ட எழும்பினேன், என் கதிரை கிரீச்சிட்டது. "சத்தம் போடாதீங்க மிஸ், புள்ள முழிச்சிரும்" என்று ஸமீனா கண் திறக்காமலே சொன்னாள். அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. எங்கள் அறைக்குள் சத்தம் புகாது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ரிஸ்வான் துள்ளி எழுந்தான், என் கையிலிருந்த பஞ்சு விழுந்தது. ஹனா அசையவில்லை. ஸமீனா பிள்ளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. ரிஸ்வான் மட்டும் பெருமையாகச் சிரித்தான்: "இவ நல்ல நித்திரைக்காரி, மிஸ்!"

எந்தப் பக்கம்?

பெரிய சத்தத்துக்கு மட்டும் திரையில் சின்னதாய் ஓர் அலை எழுந்தது. பரம்பரையாக வரும் குறை என்று பிறகு இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அதைக் கேட்க ரிஸ்வானின் தாயும் வந்திருந்தார். ஸமீனாவின் வாப்பாவுக்கு, அவளைப் பெற்ற தகப்பனுக்கு, அவர் தங்கை. கலியாணத்துக்கு முன்பே அவளுக்கு மாமிதான். "இது எந்தப் பக்கத்துக் குறை?" என்று கேட்டுவிட்டு மருமகளையே பார்த்தார்.

நன்றாகக் கேட்கும் தாயிடமும் தகப்பனிடமும் அது ஒளிந்திருக்கும், இரண்டும் பிள்ளையில் சேர்ந்தால்தான் வெளியே தெரியும், யார்மேலும் பிழையில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாமி விடவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்றார். ஸமீனா நிமிர்ந்தாள். "உங்கட வாப்பாதானே மாமி, என்ட வாப்பாவுக்கும் வாப்பா? பொறகு எந்தப் பக்கம் என்டு கேக்கிறீங்க?"

பாங்கு

காது மெஷின் போட்டால் எவ்வளவு கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. ரிஸ்வானுக்கு அதோடு இன்னொரு துக்கமும் இருந்தது. பிறந்த பிள்ளையின் வலது காதில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்வது அவர்கள் வழக்கம். பிள்ளை கேட்கும் முதல் வார்த்தை அதுவாக இருக்கவேண்டும். "நான் சொன்னது அவவுக்குக் கேக்கவே இல்லையா, மிஸ்?" பொட்டு வைத்த என்னிடம் கேட்கிறான். எனக்குக் கண்ணீர்தான் வந்தது.

மெஷினைப் பொருத்தியதும், மறுபடி பாங்கு சொல்ல அவன் காதோடு குனிந்தான். மெஷின் 'கீ' என்று கத்தியது. மிகவும் நெருங்கினால் அது அப்படித்தான். பயந்து பின்வாங்கினான். "தள்ளி நில்லுங்கோ தம்பி. இனிமேல் காதுக்குள்ள வந்து சொல்லத் தேவையில்லை" என்றேன்.

ஜன்னலோரம் போய் நின்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். பால் குடித்துக்கொண்டிருந்த ஹனா குடிப்பதை நிறுத்தினாள். அவள் கண்கள் அகன்று, வெயிலில் வெளுத்த கடல் தெரியும் பக்கமாக, அந்தக் குரல் வந்த பக்கமாக, கனவில் போல நகர்ந்தன. "பாருங்கோ!" என்று நான் கத்தியே விட்டேன். ஸமீனா உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதீங்க மிஸ், புள்ள கேக்கிறா."

சத்தம் போட்டதற்காக ஒரே தாயிடம் இரண்டு தரம் ஏச்சு வாங்கி, அந்த இரண்டாவது ஏச்சை இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் இந்த உத்தியோகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.