ஞாயிறுதோறும் அவர் கடை வாசலில்

லண்டன் வாடகை கட்டுபடியாகாமல் நானும் கணவரும் ஒரு பழைய மோட்டார்ஹோமில் குடியிருக்கிறோம். கூலி வேலை கிடைக்கும் இடத்தில் வண்டியை நிறுத்துவோம். பொங்கலுக்கு முன் கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் ஒரு தமிழ்க் கடைக்காரர் மூட்டை இறக்கவும் மீன் வெட்டவும் எங்களைக் கூப்பிட்டார். வண்டியை எங்கே விடுவது என்று கேட்டேன்.

“கடை வாசலிலேயே விடுங்கோ தங்கச்சி. இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்” என்றார். நம்மவர்தானே என்று நம்பி, கம்பத்தில் இருந்த பார்க்கிங் பலகையை நான் வாசிக்கவில்லை.

பொங்கல் வேலை முடிந்த மறுநாள், வண்டியில் குளிக்க வசதியில்லாததால் பொது நீச்சல் குளத்தில் குளித்துவிட்டு வந்தால் வண்டியைக் காணோம். எங்கள் படுக்கை, அடுப்பு, உடுப்பு எல்லாம் அதற்குள். கவுன்சில் இழுத்துப் போய்விட்டதாம். முறைப்பாடு செய்தது அந்தக் கடைதான் என்று அங்கே நின்ற பார்க்கிங் அதிகாரி சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் வெண்டிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அபராதம் கட்டி வண்டியை மீட்டோம். “விடப்பா” என்றார் கணவர். நான் விடவில்லை. இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் பலகையை வாசிக்கிறேன். அவர் கடை வாசல் பார்க்கிங் பலகையையும் போய் வாசித்தேன். ஞாயிறு மட்டும் யாரும் நிறுத்தலாம் என்று இருந்தது.

அவருக்கு மீன் வியாபாரமே ஞாயிறுதான். விடியவே போய், வாசலில் இரண்டு கார் இடத்தையும் அடைத்து நிறுத்திவிட்டு, வண்டி ஜன்னலோரம் தேநீர் குடிக்கிறேன். போன வாரம் வந்து கதவைத் தட்டினார்.

“வண்டியைக் கொஞ்சம் எடுக்கேலாதே தங்கச்சி? கார் விட இடமில்லாமல் சனம் திரும்பிப் போகுது.”

“பயப்பிடாதேங்கோ அண்ணை. இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்” என்றேன்.