காரணம் என்ற கட்டம்

பகாவ் பக்கத்து எண்ணெய்ப்பனை ஆலையில் நான் தராசுக் கிராணி, லாரிகளின் எடையைப் பதியும் எழுத்தர். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள். அன்று காலை தராசின் எடை கணினிக்கு வரவில்லை. பனைக்குலை ஏற்றிய லாரிகள் வெயிலில் வரிசையாக நின்றன.

ஆலையின் மையக் கணினியான சர்வரைச் சரிபார்க்கப் பாரோயிலிருந்து மோட்டாரில் வந்தவர் ஒல்லியானவர். ஹெல்மெட்டை மடியிலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டளையையும் தட்டிவிட்டு, வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்.

"தராசோட டிரைவர் சாப்ட்வேருக்கும் புது கார்டோடதுக்கும் ஒரே நம்பர். சர்வர் யாரக் கூப்புடும்? யாராச்சும் கைய வச்சீங்களா தம்பி?"

"இல்லண்ணே."

வைத்தது நான்தான். முந்தின நாள் சர்வருக்குள் இருந்த பழைய கார்டைக் கழற்றிப் புதியதைப் போட்டபோது திரை ஓர் எண் கேட்டது. எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுபவர் விலகினால், அவர் குலைக்காம்பில் எழுதிவந்த எண் அடுத்து வருபவருக்குப் போகும். நானும் பழைய கார்டின் எண்ணையே கொடுத்தேன். அதற்குள் சர்வர் காலியான அந்த எண்ணைத் தானாகவே தராசுக்குக் கொடுத்துவிட்டிருந்தது.

அவர் புது கார்டுக்கு வேறு எண் கொடுத்தார். தராசின் எடை கணினிக்கு வந்தது.

பிறகு மேனேஜருக்குப் போகும் அறிக்கைத் தாளை என் பக்கம் தள்ளினார். காரணம் என்ற கட்டம் மட்டும் காலி.

"இத நீங்களே எழுதிருங்க லா. நா தேத்தண்ணி குடிச்சிட்டு வரேன்."

உண்மையை எழுதினேன். மேனேஜர் திட்டினார், வேலை போகவில்லை.

கார்டுக்கு எண் கொடுப்பவரின் பெயர் சர்வரில் பதிவாகும் என்பது மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பாரோய்க்காரர் அன்று என்னைக் கேட்டபோதே திரையில் என் பெயர் இருந்திருக்கிறது. தெரிந்திருந்தும் ஏன் கேட்டார் என்பது இன்னும் விளங்கவில்லை.