நாலரை மணிச் சோதனை அழைப்பு

கண்ணாடி இழையை ஒட்டும் வேலையில் கை நடுங்கினால் போச்சு. மனசு நடுங்கினால் யாருக்கும் தெரியாது. ரௌட்டரின் சிவப்பு விளக்கையே வெறித்துக்கொண்டு, "ஆள் எப்போது வருவான்" என்று சபித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த ஆள் நான்தான். கோவில்பட்டிக்காரன். கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய செம்புக் கம்பித் தொலைபேசிகளைக் கழற்றிவிட்டு ஃபைபர் இழுத்துக் கொடுக்கிறேன். என் மனைவி செல்வி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டார் மதியம் படுத்த பிறகு அவளுக்கு அரை மணி நேரம் ஓய்வு. நமக்கு அப்போது மாலை நாலரை.

கண்ணில் தண்ணீர்

இணைப்பு கொடுத்ததும் சோதித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மற்றவர்கள் ஏதாவது பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். நான் நாலரைக்கு முடியும்படி வேலையை ஓட்டி, செல்விக்கு வீடியோ கால் போடுவேன். திருட்டுத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். என் சிம்மில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடையும். புது ஃபைபரில் மூக்குத்திக் கல்கூடத் தெரியும்.

குருமிளகு வியாபாரி வர்கீஸ் சேட்டன் வீட்டில் அப்படித்தான் போட்டேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். செல்வி வணக்கம் சொன்னாள். கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "படம் நல்ல கிளியர். ஆனா அந்தப் பெண்ணோட கண்ணு நிறைஞ்சிருக்கே, அதும் லைனோட குழப்பமா?"

பிடுங்கிய இழை

ஒரு நாள் மழையில் தாமதமாகிவிட்டது. மணி நாலு இருபது. கம்பத்துப் பெட்டியில் எல்லாத் துளையும் நிறைந்திருந்தது. ஒன்று ஆளில்லாத வீட்டுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைப் பிடுங்கிவிட்டுப் புது வீட்டு இழையைச் செருகினேன். இழையில் ஒளி ஓடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செல்விக்காக மிச்சம் பிடித்தேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு குல்சும் இத்தா கையில் போனோடு வந்து நின்றார். சவுதியில், தம்மாமில் இருக்கும் மகன் வாரத்தில் ஒரு நாள்தான் கூப்பிடுவானாம். பாதிப் பேச்சில் அறுந்துவிட்டது. நான் பிடுங்கியது அவர் வீட்டு இழை. அவர் ஒரு புகார் கொடுத்தால் என் வேலை போய்விடும். உடனே மாற்றுகிறேன் என்று பதறி எழுந்தேன். அவர் என் போனைப் பார்த்தார். அதில் செல்வியைப் பார்த்தார். "முதல்ல பேசி முடி மோனே. அப்புறம் என் பையன எனக்குத் திருப்பித் தா."

காட்டாத அறை

அதற்குப் பிறகு மீட்டர் வைக்காமல் எதையும் பிடுங்குவதில்லை. சோதனை அழைப்பை மட்டும் விடவில்லை. எந்த வீட்டில் என்ன திரைச்சீலை, எங்கே எனக்குச் சாயா கொடுத்தார்கள் என்றெல்லாம் செல்வி ஞாபகம் வைத்திருக்கிறாள். நான் தங்கும் அறைக்கு மட்டும் இணைப்பு எடுக்கவில்லை. கேட்டால் நேரமில்லை என்பேன். உண்மை வேறு. அங்கே ஒரு கட்டில், ஒரு தட்டு, தலையணையில் சுற்றிய அவளுடைய பழைய சேலை. அதையெல்லாம் அவள் பார்த்தால் என்னால் தாங்க முடியாது. அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது.

போன வாரம் ஒரு பெரிய வீட்டுக் கூடத்தில் நின்று பேசினேன். கூடத்தைச் சுற்றிக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. "ஊரார் வீடெல்லாம் பாத்தாச்சு. நீங்க படுக்கிற இடத்த எப்பங்க காட்டுவீங்க?"

அன்றைக்கே என் அறைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். இணைப்புக் கொடுக்க வேண்டிய ஆளாக என் பெயரே வந்திருக்கிறது, நானும் எல்லோரிடமும் சொல்வதுபோல 'நாளைக்கு வருகிறேன்' என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.