பேருந்தில் ஓட்டிப் பார்த்த நகைச்சுவை

வாடிப்பட்டிப் பட்டிமன்றத்துக்கு நானும் அவனும் ஒரே பேருந்தில் போனோம். நான் கோச்சடைக்காரன், அவன் அலங்காநல்லூர்க்காரன், என் கல்லூரித் தோழன். ‘மனிதனைச் செதுக்குவது பள்ளித் தேர்வா, வாழ்க்கைச் சோதனையா?’ என்பது தலைப்பு. இருவரும் வாழ்க்கையின் அணி. எங்களுள் சிறப்பாகப் பேசுபவரே இனி அணித்தலைவர் என்று நடுவர் அறிவித்திருந்தார். அந்த நாற்காலி எனக்குரியது என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

பொன்னை உரசும் கல், வயலின் மண்ணை ஆராயும் கூடம், ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரையைக் காட்டும் கருவி என்று, வாழ்வின் துறைதோறும் சோதனை நிற்பதை அடுக்கி, நிலைக்கண்ணாடியின் முன் ஏற்ற இறக்கம் பிசகாமல் பேசிப் பழகியிருந்தேன்.

அவனோ, கொய்யாக் கூடையோடு அருகில் இருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தான்.

“எக்கா, வாடிவாசலுக்குப் போற காளைக்கு டாக்டரு போதை குடுத்திருக்காங்களான்னு பாக்குறாரு, திமிலப் பாக்குறாரு, பல்லப் பாக்குறாரு. எங்க சித்தப்பாவுக்குப் பொண்ணு குடுக்கையில இம்புட்டையும் யாரு பாத்தா?”

“ஏந்தம்பி, அவருக்குப் பல்லு இல்லையா?” என்றார் அவர், சிரிக்காமல்.

என் வயிறு குளிர்ந்தது. அவன் சற்று யோசித்துவிட்டு நடத்துநரிடம் நகர்ந்தான்.

“அண்ணே, காளைக்குப் பல்லப் பாக்குறாங்க, திமிலப் பாக்குறாங்க, போதையில இருக்கான்னுகூடப் பாத்துத்தான் உள்ள விடுறாங்க. எங்க சித்தப்பாவ எதையுமே பாக்காம மணவறையில ஒக்கார வச்சுட்டாங்க!”

விசிலை வாயில் வைத்திருந்த நடத்துநர் சிரித்துவிட்டார். விசில் ஒலித்தது, வண்டி நின்றது. “யாருய்யா எறங்குறது?” என்று ஓட்டுநர் கத்த, பேருந்தே சிரித்தது.

“பேச்ச பஸ்லயா மாப்ள ஓட்டிப் பாப்ப?” என்றேன்.

“ஒங் கண்ணாடி என்னைக்காச்சும் சிரிச்சிருக்கா மாப்ள?” என்றான்.

மேடையில் என் அடுக்குமொழிக்கு அளவான கைதட்டல் கிடைத்தது. அவனுடைய சித்தப்பா மணவறையில் உட்கார்ந்ததும் திடலே அதிர்ந்தது. நடுவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அவனுக்குக் கொடுத்தார். அன்று முதல் ஒவ்வொரு மேடையிலும் இரண்டாவது இருக்கையில் அமர்ந்து, அவனுக்கு எழும் சிரிப்பைப் பக்கவாட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் மதுரைக்குள் போகக் கோச்சடையில் ஏறி, பக்கத்தில் இருந்த பெரியவரிடம் நானும் என் புதிய நகைச்சுவை ஒன்றைத் தொடங்கினேன். முன்னுரையை முடிக்குமுன், “தம்பி, நான் எறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க” என்றார். அடுத்த நிறுத்தம் என்னுடையது.

அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்கு வர அவனுக்கு எவ்வளவு தூரம்! அதற்குள் ஒரு நகைச்சுவையைச் சொல்லலாம், மாற்றலாம், வேறொருவரிடம் மறுபடியும் சொல்லலாம். அவன் நாற்காலியின் மீது இருந்த பொறாமை போதாதென்று, இப்போது அவன் பேருந்தின் மீதும் பொறாமை.