பாஸ்டரம்மா வீட்டுக்காரர்

போதகராக வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். போதகரானது என் மனைவி. இதை நான் சிரித்துக்கொண்டே சொல்வேன், கேட்பவர்களும் சிரிப்பார்கள். உள்ளுக்குள் எனக்கு வயிறு எரியும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஷிஃப்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரச் சபைகளில் பிரசங்கம் செய்துவந்தேன். நன்றாகவே செய்வேன். குரல் இருக்கிறது, கதை சொல்லத் தெரியும், எந்த இடத்தில் நிறுத்தினால் தூங்குகிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்றும் தெரியும். எங்கள் சபையார் சிபாரிசு செய்து, இறையியல் படிப்புக்கான நேர்காணலுக்கு என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஏன் போதகராக விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். அழகாகப் பதில் சொன்னேன். கிட்டத்தட்ட ஒரு பிரசங்கமே செய்தேன் என்று வையுங்கள். என்னை எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் பழைய போதகர் என் மனைவியிடம், "நீயும் போய்ப் பாரேம்மா" என்றார். அவள் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும். போய்விட்டு வா என்று நானே மின்சார ரயிலில் ஏற்றிவிட்டேன். என் தோல்விக்கு வீட்டிலேயே ஒரு துணை கிடைக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். "தெரியலைங்க, பயமா இருக்குது" என்றாளாம். எடுத்துக்கொண்டார்கள்!

படிப்பு, பயிற்சி எல்லாம் முடிந்து அவளைப் போதகராக அபிஷேகம் செய்த நாளில் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்திலிருந்தவர்கள் கைக்குட்டை கொடுத்தார்கள். பாதிக் கண்ணீர் அப்படித்தான்.

தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு காலனிச் சபைக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே எல்லாரும் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் அறுப்பு அறுத்த குடும்பங்கள். இப்போது எல்லா வீட்டிலும் ஒரு ஹெல்மெட் தொங்குகிறது. நைட் ஷிஃப்டு முடித்து நேரே ஆராதனைக்கு வருகிறவர்களின் சேஃப்டி ஷூக்கள் கோயில் வாசலில் குவிந்து கிடக்கும்.

அதுவரை பாஸ்டரம்மா என்றால் பாஸ்டரின் மனைவி. பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைமை தாங்குவது, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீ போடுவது, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு முந்தின நாள், அப்பத்துக்கான ரொட்டியின் ஓரத்தை அரிந்துவிட்டுத் துண்டு போடுவது எல்லாம் அவர் வேலை. இப்போது பாஸ்டரே அம்மா. அப்படியானால் நான் யார்? காலனியில் என்னை "பாஸ்டரம்மா ஊட்டுக்காரரு" என்றார்கள். ஆலையில் கூட வேலை செய்கிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "இன்னா ஐயரம்மா, நாஷ்டா ஆச்சா?" என்பார்கள். எங்கள் பக்கம் போதகர் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. டீ போடுவதும் ரொட்டி அரிவதும் என் தலையில் விழுந்தன. பைபாஸ் பக்கத்து பேக்கரியில் பின்னால் ஒரு தடவை டூட்டி ஃப்ரூட்டி போட்ட ரொட்டிதான் இருந்தது. பழத்துண்டுகளை விரலால் நோண்டி நோண்டி எடுத்தபோது எனக்கு வந்த கோபத்தை எந்தப் போதகர் மனைவியும் பட்டிருக்கமாட்டார் என்று சொல்லமாட்டேன். பட்டிருப்பார்கள். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். யாராவது துக்கம் சொல்ல வந்தால் அவள் கேட்கும் விதம் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. புருஷன் குடிக்கிறான், பிள்ளையை கான்ட்ராக்ட்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள், எதுவாக இருந்தாலும் அசையாமல் கேட்பாள். நடுவில் நான் ஒரு நல்ல ஆலோசனை சொல்வேன். வந்தவர்கள் மரியாதைக்கு என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடியும் அவள் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். போன் அடித்து நான் எடுத்தால், "பாஸ்டரம்மா இல்லீங்களா?" என்றுதான் முதல் வார்த்தை.

அவள் அங்கே நடத்தவேண்டிய முதல் திருவிருந்து நெருங்கியபோது பிரச்சினை கிளம்பியது. கமிட்டியில் சபைச் செயலாளர்தான் ஆரம்பித்தார். ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் அல்ல.

"பிரசங்கம் பண்ணட்டும், வாணான்னு சொல்லல. பெண்கள் ஞாயிறுல நம்ம பொம்பளைங்க பண்ணிக்கினுதானே கீறாங்க. திருவிருந்து வேற. ஆம்பளைங்க மேல பொம்பளைங்க அதிகாரம் பண்ணக்கூடாதுன்னு வேதத்துல பவுல் சொல்லிக்கிறாரு, எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

பெண்கள் ஐக்கியத் தலைவி ஒரு கம்பெனி கேன்டீனில் சமைப்பவர். அவர் எழுந்து, "இயேசு உயிர்த்தெழுந்த சேதிய மொதல்ல வந்து சொன்னது யாருங்கண்ணா? பொம்பளைங்கதானே? அன்னிக்கு ஆம்பளைங்கல்லாம் கதவச் சாத்திக்கினு உள்ள குந்திக்கினு இருந்தாங்க. எங்க கையால துன்னுட்டுத்தான் இன்னிக்கு இங்க வந்து கீறீங்க. அந்தக் கை இதுக்கு மட்டும் ஆவாதா?" என்று கேட்டார். பெண்கள் சிரித்தார்கள், ஆண்கள் சிரிக்கவில்லை. என் மனைவி எழுந்து, சபைகளுக்கெல்லாம் மேலே உள்ள பேராயம் அனுப்பிய போதகர் நான், என் கடமையை நான் செய்வேன் என்றாள். ஒரு முடிவும் எடுக்காமல் ஜெபம் செய்து கலைந்தார்கள்.

மறுநாள் செயலாளர் என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

"எங்க நைனா செங்கல் சொமந்து கட்ன கோயிலு தம்பி இது. இத்தனை நாளு யாரும் எங்கள உள்ள சேர்க்காத ஊருல எங்களுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். நாலு குடும்பம் கோச்சிக்கினு வேற சபைக்குப் போயிட்டா இன்னா பண்றது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவும் இல்லாம, பொம்பளைங்களுக்கு அந்த நாளுங்க வேற கீது. கேக்கவே பேஜாரா இருக்குது" என்றார்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் அதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் டீயைக் குடித்தேன்.

"ஒண்ணு பண்ணலாம் தம்பி. வார்த்தைய அம்மா சொல்லட்டும், ஜெபத்த அம்மா பண்ணட்டும். அப்பத்தையும் பாத்திரத்தையும் நீங்க கையால எடுத்துக் குடுங்க. நீங்களும் பிரசங்கிதானே? உங்களுக்கு ஒரு வெள்ள அங்கி நானே தெச்சிக் குடுக்கறேன். அம்மாவுக்கும் மரியாதி, எங்களுக்கும் நிம்மதி."

எத்தனையோ வருஷமாக அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு பீடத்தருகே நிற்பதாகக் கற்பனை செய்தவன் நான். "பாக்கறேண்ணே" என்றேன். அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கு முன் போதகர் தயாராகும் சின்ன அறைக்குள் நாங்கள் போனபோது ஆணியில் இரண்டு அங்கிகள் தொங்கின.

"இன்னாங்க இது, ரெண்டு கீது?" என்றாள்.

சொன்னேன். டீக்கடை, செயலாளர், யார் வாய், யார் கை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"பாக்கறேன்னு சொன்னேன்."

"சரி, பாருங்க" என்று தன் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மணி அடித்தது, போய்விட்டாள்.

நான் மற்றதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். யார்தான் போட்டுப் பார்க்காமல் இருப்பார்கள்? தோள், கை நீளம் எல்லாம் தைத்து வைத்ததுபோல இருந்தது, எனக்காகத் தைத்ததுதானே. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் நான் போதகர் மாதிரியே இருந்தேன். அவளைவிடவும் அதிகமாகவே இருந்தேன். வெளியே முதல் ஜெபத்தை அவள் தொடங்கும் சத்தம் கேட்டது. அப்படியே போய் அவள் பக்கத்தில் நின்றுவிடலாம் என்று கதவு வரைக்கும் போனேன்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. ஆலையில் சூடான கம்பியைத் தொட வேண்டும் என்றால் கையுறை மாட்டிக்கொள்வோம். கையில் படக்கூடாது, ஆனால் வேலை ஆகவேண்டும். இவர்களுக்கு அவள் கை படக்கூடாது, அதற்கு நான் கையுறை. என்னைப் போதகராக இவர்களும் கூப்பிடவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள்மேல் உள்ள அன்பினால் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் அன்றைக்கு அப்படி இல்லை.

ஆண்கள் பக்கம் நடுவரிசையில் போய் உட்கார்ந்தேன். செயலாளர் திரும்பி என்னையும் என் சட்டையையும் பார்த்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். திருவிருந்துக்கு அழைத்ததும் கமிட்டிக்காரர்கள் முதலில் எழுந்து போய்ப் பீடத்தின் முன்னாலிருக்கும் மரத்தடுப்பின் அருகே முழங்காலிடுவார்கள். பிறகு மற்ற ஆண்கள், கடைசியில் பெண்கள். முதல் பந்தி எழாமல் மற்றவர்கள் எழ மாட்டார்கள். அவள் அப்பத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அழைத்தாள். யாரும் எழவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று சாலையை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போன பிறகும் எழவில்லை. அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. யாரையும் கெஞ்சும் பார்வை பார்க்கவுமில்லை. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் போனால் அப்பத்தைத் துணியால் மூடி ஆசீர்வாதம் சொல்லி அனுப்புவதைத் தவிர அவளுக்கு வழியில்லை. அதன் பிறகு அந்த ஊரில் அவளை யார் போதகர் என்பார்கள்?

நான் எழுந்து போனேன். நீளமான அந்தத் தடுப்பின் முன்னால் தனியாக முழங்காலிட்டேன்.

அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு நன்றி, ஒரு சின்னத் தலையசைப்பு, ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எல்லாருக்கும் சொல்கிற அதே வார்த்தைகளை, அதே நிதானத்தில் சொல்லி என் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தாள். அவ்வளவுதான். கை நடுங்கவே இல்லை.

பின்னால் புடவைச் சத்தம் கேட்டது. பெண்கள் ஐக்கியத் தலைவி ஆண்களுக்கு முன்னால் எழுந்து வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டார். அவரைத் தொடர்ந்து பெண்கள் வந்தார்கள். பிறகு ஆண்களில் பாதிப்பேர் வந்தார்கள். செயலாளர் கடைசிவரை எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்கள மாதிரி ஊட்டுக்காரரு யாருக்குங்க கெடைப்பாங்க?" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நன்றாகத்தான் இருந்தது. பல நாளைக்குப் பிறகு எல்லாரும் என்னைப் பார்த்துப் பேசினார்கள். அதே குஷியோடு வீட்டுக்கு வந்தேன்.

அவள் புடவையை மாற்றினாள், சோறு போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு தேங்க்ஸ் கூட இல்லியா?"

"எதுக்கு?"

"நான் மட்டும் எழுந்து வராம இருந்திருந்தா இன்னிக்கு இன்னா ஆயிருக்கும்?"

அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். ஊர்க்காரர்களின் துக்கத்தைக் கேட்கும்போது இருக்கும் அந்த முகம், எனக்கு ஒருநாளும் கிடைக்காத முகம், இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது.

"அந்த அப்பத்த நான் உங்களுக்குக் குடுக்கலீங்க. நான் குடுக்கறதுக்கு அது என்னுதும் இல்ல, ஆண்டவரோடது. எனக்காக வந்து முட்டி போட்டீங்கன்னா, அடுத்த வாட்டி வராதீங்க" என்றாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்தப் பதில் எனக்கு வந்திருக்காது. எவ்வளவு யோசித்தாலும் வந்திருக்காது. அந்தப் பீடத்தருகே நான் நின்றிருந்தால், யார் வந்தார்கள், யார் வரவில்லை, என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். நேர்காணலில் உட்கார்ந்திருந்தவர்கள் சரியாகத்தான் ஆள் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. அது புரிந்ததற்காகவே அவள்மேல் இன்னும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.